முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்!

பந்தியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி, "போதும், போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று வாயால் சொல்கிறார். ஆனால் இலையை மறைக்க வேண்டிய கை மட்டும் சற்றுத் தாமதமாகத்தான் வருகிறது. அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாயை நம்புவதில்லை. கையைப் பார்க்கிறீர்கள். இன்னும் இரண்டு கரண்டி பாயசம் இலையில் விழுகிறது. விருந்தாளியும், "அடடா, என்ன இது!" என்று சொல்லிக்கொண்டே பரம திருப்தியுடன் சாப்பிடுகிறார். இந்த வித்தையை உங்களுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதே வித்தையை நம்பி லட்சக்கணக்கான டாலர்களைப் பணயம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவில், பாலைவனத்தின் நடுவே, லாஸ் வேகாஸ் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1970-ஆம் ஆண்டு முதல் 'உலகப் போக்கர் தொடர்' என்ற சீட்டாட்டப் போட்டி நடந்துவருகிறது. அதில் முக்கியமான போட்டிக்கு நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 10,000 டாலர். 2024-ல் மட்டும் 10,112 பேர் கட்டணம் கட்டி வந்து உட்கார்ந்தார்கள். ஜயித்தவருக்குப் பணத்துடன் கொடுக்கும் விருது என்ன தெரியுமா? கோப்பை அல்ல, கேடயம் அல்ல; தங்கக் கைச்சங்கிலி! நம் வீட்டில் வளையல் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆண்பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு கைச்சங்கிலிக்காக அங்கே ஆயிரக்கணக்கான ஆடவர்கள் நாள் கணக்கில் தூக்கமில்லாமல் போராடுகிறார்கள்.

சீட்டாட்டம் என்றதும் முகம் சுளிக்கிறீர்கள்; நியாயந்தான். சீட்டினால் சீரழிந்த குடும்பம் ஒன்றாவது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நம் நாட்டில் 2025-ல் வந்த மத்திய சட்டம், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. ஆகவே ஆட்டம் லாஸ் வேகாஸிலேயே இருக்கட்டும். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் நமக்கு ருசியான சமாசாரம்.

முதலில் ஆட்டத்தை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். அது அவரவர் ரகசியம். பிறகு மேஜை நடுவே எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துப் பார்த்தால் யாருடையது உசத்தியோ அவருக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம். ஈடுகட்ட மனமில்லாதவர் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். மற்ற எல்லாரும் விலகிவிட்டால், மிஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலேயே குவியலை வாரிக்கொள்ளலாம். சூட்சுமம் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. கையில் ஒன்றுமே இல்லாத பேர்வழி, எல்லாம் இருப்பதுபோல் பூச்சாண்டி காட்டி ஜயித்துவிடலாம். எதிரே இருப்பவர் காட்டுவது நிஜமா, பூச்சாண்டியா? இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஆட்டம் முழுவதும் நடக்கிறது.

இதையே இணையத்தில் ஆடுகிறவர்களுக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை. அவர்களுக்குக் கணினிதான் கணக்குப்பிள்ளை. எதிராளி நூறு ஆட்டத்தில் எத்தனை ஆட்டம் பணம் போடுகிறார், எத்தனை தடவை ஏற்றுகிறார், மிரட்டினால் எத்தனை தடவை ஓடிவிடுகிறார் என்று கணக்கெழுதி, அவர் பெயருக்குப் பக்கத்திலேயே எண்களைக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. சில இணையக் கம்பெனிகள் அவற்றை அனுமதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

நேரில் ஆடும் மேஜையில் இந்தப் பருப்பு வேகாது. மணிக்கு 25, 30 ஆட்டந்தான் நடக்கும். எதிரே இருப்பவர் இன்றைக்கு மாலை வந்த அந்நியர், நாளைக்கு இருக்கமாட்டார். அவரைப் பற்றிய கணக்கைக் கண்ணால் எடுத்து மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். 2024 போட்டியின் இறுதியில், வென்றவருடைய நண்பர்கள் வேலியோரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்கு யோசனை சொன்னார்கள் என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. அதற்குப் பிறகு மின் சாதனங்களைப் பற்றிய விதிகளை இன்னும் இறுக்கிவிட்டார்கள். ஆகக் கூடி, மனிதருக்கு மனிதர், கண்ணுக்குக் கண்.

இந்த இடத்தில் ஓர் அம்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். மரியா கோனிகோவா என்று பெயர். மாஸ்கோவில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்று, எழுத்தாளராகப் பெயர் வாங்கியவர். மோசடிக்காரர்கள் எப்படி மனிதர்களை ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மனித வாழ்க்கையில் சாமர்த்தியம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க அவருக்கு ஆசை வந்தது. அதற்குப் போக்கர்தான் சரியான பரிசோதனைச்சாலை என்று தீர்மானித்தார். அப்போது சீட்டுக்கட்டில் மொத்தம் எத்தனை சீட்டு என்றுகூட அவருக்குத் தெரியாதாம்!

அவர் தேடிப் பிடித்த குருநாதர் எரிக் சைடல். அமைதியான மனிதர், போக்கரில் மகா மேதை. 2023-ல் அவருக்குப் பத்தாவது கைச்சங்கிலி கிடைத்தது. ஆனால் அவர் பெயர் முதன்முதலில் உலகத்துக்குத் தெரிந்தது ஒரு தோல்வியால்தான். 1988-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் ஜானி சான் என்பவரை எதிர்த்து ஆடினார். சானின் கையில் வரிசையாக ஐந்து சீட்டு அழகாக அமைந்துவிட்டது. அவரோ ஒன்றும் இல்லாதவர்போலத் தயங்கித் தயங்கிப் பின்தொடர்ந்தார். சைடல் அந்தத் தயக்கத்தை நம்பித் தம்மிடம் இருந்த சில்லுகள் அத்தனையையும் தள்ளினார். முடிந்தது கதை. பத்து வருஷம் கழித்து, 1998-ல் வெளிவந்த 'ரௌண்டர்ஸ்' என்ற சினிமாவில் அந்தப் பழைய காட்சியை அப்படியே காட்டினார்கள். தம் தோல்வியை ஊரெல்லாம் கொட்டகையில் உட்கார்ந்து பார்ப்பதென்றால் எப்படி இருக்கும்! அப்படி அடிபட்டவர்தான், எதிரே இருப்பவரைக் கவனி, கவனித்துக்கொண்டே இரு என்ற பாடத்தைக் கோனிகோவாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2018 ஜனவரியில், பஹாமாஸ் தீவில் நடந்த ஒரு போட்டியில் அந்தச் சிஷ்யை முதல் பரிசு வாங்கினார். பரிசுத் தொகை 84,600 டாலர். எழுத வந்த புத்தகம் தள்ளிப் போய் 2020-ல்தான் வெளிவந்தது.

கவனி என்றால் எதைக் கவனிப்பது? எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உணர்ச்சியே காட்டாத முகத்துக்கு இங்கிலீஷ்காரர்கள் இந்த ஆட்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் 2013-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இந்த நம்பிக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது.

மைக்கேல் ஸ்லெபியன் என்ற இளம் மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் ஒரு வேலை செய்தார்கள். 2009 உலகத் தொடரின் ஒளிப்படத்திலிருந்து, ஆட்டக்காரர்கள் சில்லுகளை எடுத்துப் பந்தயம் வைக்கும் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் இரண்டே விநாடி போல. ஒரு சாராருக்கு முழு உருவத்தையும் காட்டினார்கள். இன்னொரு சாராருக்கு முகத்தை மட்டும். மூன்றாவது சாராருக்குக் கைகளை மட்டும். "இவருடைய சீட்டு நல்லதா, மட்டமா? சொல்லுங்கள்" என்று கேட்டார்கள்.

முழு உருவத்தையும் பார்த்தவர்கள் சொன்னது பூவா தலையா போட்டுப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது. முகத்தை மட்டும் பார்த்தவர்கள் கதி அதைவிட மோசம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால்கூட நன்றாகச் சொல்லியிருப்பார்கள்! ஏனென்றால் தேர்ந்த ஆட்டக்காரரின் முகம் சும்மா இருப்பதில்லை. வேண்டுமென்றே பொய் சொல்கிறது. கைகளை மட்டும் பார்த்தவர்கள்தாம் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். நல்ல சீட்டு வைத்திருப்பவரின் கை தங்கு தடை இல்லாமல், வழுக்கிக்கொண்டு போவதுபோல் சில்லுகளை நகர்த்துகிறது. நம்பிக்கையில்லாத கை எங்கேயோ ஒரு கணம் இடறுகிறது. முகத்துக்குக் காவல் வைத்தவர்கள் கைக்குக் காவல் வைக்க மறந்துவிட்டார்கள்! இது ஜோசியம் அல்ல. ஒவ்வொரு தடவையும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விநாடியில், சீட்டாட்டமே தெரியாதவர்கள்கூட இவ்வளவு கண்டுபிடித்தார்கள் என்பது சாமான்யமான விஷயமா?

அந்த ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த நளினி அம்பாடியைப் பற்றி இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கேரளத்துப் பெண்; நம் நீலகிரியில் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் படித்தவர். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். மனிதர்களைச் சில விநாடி பார்த்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதுதான் அவர் வாழ்நாள் ஆராய்ச்சி. கல்லூரி ஆசிரியர்கள் பாடம் நடத்துவதை ஒலியில்லாமல், அரை நிமிஷத்துக்கும் குறைவாக, முன்பின் தெரியாதவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் கொடுத்த மார்க்கும், பருவம் முழுவதும் அந்த ஆசிரியரிடம் படித்த மாணவர்கள் கடைசியில் கொடுத்த மார்க்கும் பெரிதும் ஒத்துப்போயின. 1993-ல் வெளிவந்த அந்தக் கட்டுரை மனோதத்துவ உலகத்தில் மிகவும் பிரசித்தம். பெண் பார்க்க வந்த அரை நாழிகையில் மாப்பிள்ளையின் அம்மாவை எடைபோட்டுவிடும் நம் பாட்டிமார்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. பிற்பாடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்தார். போக்கர் ஆராய்ச்சி வெளிவந்த அதே 2013-ஆம் ஆண்டில், 54-ஆம் வயதில், இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

இனி மேஜைக்குத் திரும்புவோம். மைக் காரோ என்ற ஆட்டக்காரர் 1984-ல் படங்களுடன் ஒரு புத்தகம் போட்டார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் அங்கசேஷ்டைகளுக்கு அது ஓர் அகராதி மாதிரி. அதன் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பலவீனமானவன் பலசாலிபோல் நடிப்பான். பலசாலி பலவீனன்போல் நடிப்பான். பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, "சரி, போகட்டும், போட்டுத் தொலைக்கிறேன்" என்று பணத்தை வைக்கிறாரே ஓர் ஆசாமி, அவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மனசில்லாமல் வைக்கிறவர் எதற்காக வைக்கிறார்? அதேபோல், உங்களை முறைத்துப் பார்த்துக்கொண்டு சில்லுகளை 'டபக்'கென்று மேஜையில் அடித்து வைக்கிறவரிடம் பெரும்பாலும் சரக்கு இருக்காது. சரக்கு உள்ளவர் உங்களை விரட்டப் பார்ப்பதில்லை; வேறு எங்கோ பராக்குப் பார்த்துக்கொண்டு, நீங்கள் பணம் போடுவதற்காகக் காத்திருப்பார்.

கை நடுங்குவதைப் பார்த்தால், "பாவம், பயந்துவிட்டார், பூச்சாண்டிதான் காட்டுகிறார்" என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் விஷயம் நேர்மாறு. புதிதாக ஆடவந்தவருக்குப் பெரிய சீட்டு விழுந்துவிட்டால் உள்ளே பொங்கும் ஆனந்தம் விரல் நுனியில் வந்து நடுங்கும். பூச்சாண்டி காட்டுகிறவரோ, ஏதாவது அசைந்தால் காட்டிக்கொடுத்துவிடுமே என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு கல்லாய்ச் சமைந்திருப்பார். இதுவரை வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஊமையானாலும் அதே சந்தேகந்தான்.

இன்னொரு வேடிக்கை. நடுவே திறந்த சீட்டுகளில் மூன்று இஸ்பேட் விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே ஒருவர் தம் கவிழ்ந்த சீட்டுகளின் ஓரத்தைத் தூக்கி மறுபடியும் பார்க்கிறார். அவரிடம் இரண்டு இஸ்பேட் இருக்கிறதா? இருக்காது! இரண்டும் ஒரே ஜாதியாக இருந்தால் அது மனத்தில் நின்றிருக்கும்; திரும்பப் பார்க்க வேண்டியதே இல்லை. ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு என்று பொதுவாகத்தான் ஞாபகம். அந்தக் கறுப்பு இஸ்பேட்தானா, கிளாவரா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார். சீட்டு விழுந்ததும் கண் ஒரு கணம் தம் சில்லுகளின் பக்கம் ஓடி மீண்டால், அவருக்குச் சீட்டுப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். திறந்த சீட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் சேரவில்லை.

இதையெல்லாம் பார்க்க வேண்டுமானால் ஒரு பழக்கத்தை விட வேண்டும். சீட்டைத் திறந்ததும் எல்லார் கண்ணும் சீட்டுக்குப் போகும். அனுபவசாலி அந்தக் கணத்தில் சீட்டைப் பார்க்கமாட்டார். மற்றவர்கள் சீட்டைப் பார்ப்பதைப் பார்ப்பார். சீட்டு எங்கே ஓடிப் போகிறது? பத்து விநாடி கழித்துப் பார்த்தாலும் அதே சீட்டுத்தான். மனிதர்களுடைய அந்த ஒரு கணம் போனால் வராது. தம் இரண்டு சீட்டையும்கூட அவர் உடனே எடுத்துப் பார்ப்பதில்லை. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் சீட்டைப் பார்ப்பதை முதலில் பார்த்துக்கொள்வார். அவர்கள் தமக்குப் பின்னால் ஆடவேண்டியவர்கள் அல்லவா? சிலர் தங்கள் முறை வருவதற்கு முன்பே சீட்டை வீசி எறியத் தயாராகக் கையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். விரோதிகளில் இரண்டு பேர் குறைந்தார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

மேஜைக்கு அடியிலும் செய்தி இருக்கிறது. ஜோ நவாரோ என்பவர் அமெரிக்கத் துப்பறியும் இலாகாவான எஃப்.பி.ஐ.யில் 25 வருஷம் வேலை பார்த்தவர். மனித உடம்பில் மிகவும் நேர்மையான அங்கம் பாதந்தான் என்பது அவர் கட்சி. நல்ல சீட்டு வந்தவரின் கால் தானாகக் குதிக்குமாம். மேஜைக்கு மேலே சட்டைத் தோள் இலேசாக அசைவதில் அது தெரிந்துவிடுமாம்.

இந்த அகராதியை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தால் போதுமா? போதாது. அங்கேதான் பலர் கவிழ்ந்துவிடுகிறார்கள். முன்னே சொன்ன 'ரௌண்டர்ஸ்' சினிமாவில் வரும் வில்லன், நல்ல சீட்டு வந்தால் பிஸ்கோத்தைக் காதருகே கொண்டுபோய்ப் பிளந்து தின்பான். கதாநாயகன் அதைக் கண்டுபிடித்து ஜயிப்பான். நிஜ மேஜையில் யாரும் அவ்வளவு உபகாரமாக நடந்துகொள்வதில்லை. ஒருவருக்குச் சுபாவமாகவே கை நடுங்கும். காப்பிக் கோப்பையை எடுக்கும்போதும் நடுங்கும். இன்னொருவர் பிறவி மௌனி. ஆகவே அவரவர் சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறார் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால்தான், மாறும்போது மாறுதல் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதை வெப்பமானி சொல்வதற்கு முன்பே தாயார் சொல்லிவிடுகிறாளே, அது எந்த அகராதியைப் பார்த்து? தினமும் பார்த்த குழந்தை; இன்றைக்கு வேறு மாதிரி இருக்கிறது; அவ்வளவுதான்.

தாம் சீட்டைப் போட்டுவிட்டு விலகியிருக்கும் நேரந்தான் இந்தப் படிப்புக்கு நல்ல நேரம். பணம் நஷ்டமில்லை, படபடப்பும் இல்லை. ஆட்டம் முடிந்து சீட்டைக் காட்டும்போது, "ஓகோ, இவரிடம் இதுதான் இருந்ததா? அப்படியானால் அரை நிமிஷத்துக்கு முன் தண்ணீர் குடித்தாரே, அது ஏன்? மூன்றாவது பந்தயத்தில் யோசிக்காமல் போட்டாரே, அது ஏன்?" என்று படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அநேகர் இந்த நேரத்தில் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்!

மேஜையில் பெண் ஒருத்தி உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? இதைக் கோனிகோவா தம் புத்தகத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் யாராவது உரக்கப் பந்தயத்தை ஏற்றினால் போதும், சண்டை எதற்கு என்று விட்டுக்கொடுத்துவிடுவாராம். சிறு வயதிலிருந்து, அடங்கிப் போ, எல்லாருக்கும் நல்லவளாக இரு என்று பழகிய பழக்கம் சீட்டு மேஜை வரைக்கும் கூட வந்துவிட்டது! அதைக் கண்டுகொண்ட பிறகு எதிரே இருக்கும் ஆடவர்களைத் தரம் பிரிக்கத் தொடங்கினார். "பெண்ணிடம் போய்ப் பூச்சாண்டி காட்டுவதா?" என்று கௌரவம் பார்க்கிறவர் ஒருவர், அவர் பணத்தை ஏற்றினால் மறுபேச்சில்லாமல் விலகிவிடலாம், கையில் நிஜமாகவே இருக்கிறது. பெண்ணிடம் தோற்பதைவிடச் சாவது மேல் என்று எண்ணுகிறவர் இன்னொருவர். அவர் எதற்கும் விலகமாட்டார், ஆகையால் அவரிடம் பூச்சாண்டி பலிக்காது, நல்ல சீட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாமவர் ஆட்டம் சொல்லிக் கொடுக்கவே வந்துவிடுவார். அவர் சொல்லிக் கொடுப்பதிலிருந்து அவர் எப்படி ஆடுகிறார் என்பது முழுவதும் தெரிந்துவிடும். இந்த அம்மணியை அவர்கள் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், படித்தது இவர்.

ஆனாலும் பாதை லேசானதல்ல. லாஸ் வேகாஸ் முக்கியப் போட்டியின் இறுதி மேஜை வரைக்கும் போன முதல் பெண் பார்பரா என்ரைட். 1995-ல் ஐந்தாம் இடம். அதற்குப் பிறகு முப்பது வருஷம் வேறு ஒரு பெண்ணும் அந்த மேஜையில் உட்காரவில்லை. 2025-ல்தான் ஸ்பெயின் தேசத்து லியோ மார்கெட்ஸ் அங்கே போய் ஏழாவதாக வந்தார்.

முகம், கை, கால் எல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு, அது பந்தயந்தான். எப்போது பணம் போட்டார், எவ்வளவு போட்டார், எப்போது சும்மா இருந்தார் என்பவை சேர்ந்து ஒரு கதை சொல்கின்றன. அந்தக் கதை முன்னுக்குப்பின் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நம் தொடர்கதை வாசகிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது அத்தியாயத்தில் நீச்சல் தெரியாத கதாநாயகி பதினோராவது அத்தியாயத்தில் நீந்திக் கரையேறினால் ஆசிரியருக்குக் கடிதத்தின் மேல் கடிதமாக வந்து குவிகிறதல்லவா? அதே கண்ணோடு பந்தயங்களைப் பார்த்தால் பொய்க் கதை எங்கே கிழிகிறது என்று தெரிந்துவிடும்.

அன்னெட் ஓப்ரெஸ்டாட் என்ற நார்வே தேசத்துப் பெண் இதற்கு ஒரு பிரமாதமான சாட்சி. 2007-ல், 180 பேர் கலந்துகொண்ட ஒரு சிறிய இணையப் போட்டியில், திரையில் தம் சீட்டுத் தெரியாமல் மறைத்துக்கொண்டு ஆடினார். ஒரே ஒரு தடவைதான் எடுத்துப் பார்த்தாராம். மற்றதெல்லாம் எதிராளிகளின் பந்தயத்தைப் பார்த்தே ஆடி, முதலாவதாக வந்தார்! அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில், நேருக்கு நேர் மேஜையில், உலகத் தொடரின் ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். பரிசு பத்து லட்சம் பவுன். மறுநாள்தான் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது.

இந்தக் கதை படிக்கும் சாமர்த்தியமே காலை வாரிவிடுவதும் உண்டு. ஜாக் ஸ்ட்ராஸ் என்ற பழைய ஆட்டக்காரரைப் பற்றிப் போக்கர் உலகத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு சம்பவம். அவருக்கு வந்தவை ஏழும் இரண்டும். இதைவிட மட்டமான சீட்டு இந்த ஆட்டத்தில் கிடையாது. ஜயித்துக்கொண்டிருந்த வேகத்தில் அதை வைத்துக்கொண்டே பணத்தை ஏற்றிவிட்டார். நடுவே ஏழு, மூன்று, மூன்று என்று விழுந்தன. மறுபடி பணம் போட்டார். எதிராளி கொஞ்சமும் தயங்காமல் பெரிதாக ஏற்றினார். கையில் பெரிய ஜோடி இருக்கிறது என்று ஸ்ட்ராஸுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. நியாயமாகச் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். அவரோ ஈடுகட்டினார். நாலாவது சீட்டு இரண்டு. அதனாலும் பெரிய லாபமில்லை. ஸ்ட்ராஸ் ஒரு பெரும் தொகையை முன்னே தள்ளினார். எதிராளி யோசிக்கத் தொடங்கினார். ஸ்ட்ராஸ் மெள்ளச் சிரித்தபடி ஒரு யோசனை சொன்னார்: இருபத்தைந்து டாலர் சில்லு ஒன்று கொடுத்தால், என் இரண்டு சீட்டில் உமக்கு இஷ்டமானதைத் திறந்து காட்டுகிறேன்.

எதிராளி சில்லைக் கொடுத்து ஒரு சீட்டைத் தொட்டார். திறந்தால் இரண்டு! நெடுநேரம் மௌனம். எதைத் தொட்டாலும் சரி என்கிறாரே, அப்படியானால் இரண்டு சீட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்; இன்னொன்றும் இரண்டுதான்; நடுவில் உள்ளதோடு மூன்று இரண்டும், இரண்டு மூன்றும் சேர்ந்துவிட்டன என்று அவர் கணக்குப் போட்டார். ஏழைத் தொட்டிருந்தாலும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார். பெரிய ஜோடியைக் கவிழ்த்துப் போட்டார். குவியல் ஸ்ட்ராஸுக்குப் போயிற்று. யோசிக்கத் தெரியாத ஆசாமியிடம் இந்தத் தந்திரம் செல்லாது. அவர் பாட்டுக்கு ஈடுகட்டி ஜயித்திருப்பார்.

கதையைச் சரியாகப் படித்தும் தோற்றவர் ஒருவர் இருக்கிறார். 2003-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சாம் ஃபர்கா, லெபனானில் பிறந்தவர், பற்ற வைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு ஆடும் பழம் பெருச்சாளி. மறு பக்கம் கிறிஸ் மணிமேக்கர். பணம் பண்ணுபவர் என்று அர்த்தம் வரும் இந்தப் பெயர் புனைபெயர் அல்ல. அவருடைய குடும்பப் பெயரே அதுதான். டென்னஸி மாநிலத்துக் கணக்கர், வயது 27. இணையத்தில் ஒரு சிறிய தொகை கட்டி ஆடி, அதில் ஜயித்து வந்தவர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, 839 பேர் கலந்துகொண்ட போட்டியில் கடைசி இருவரில் ஒருவராக வந்துவிட்டார்.

ஒரு முக்கியமான ஆட்டம். மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஒரு ஏழும். இன்னும் ஓர் இஸ்பேட் விழுந்தால் ஐந்தும் ஒரே ஜாதியாகும். பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனார். கடைசிச் சீட்டு மூன்று, அதுவும் சிவப்பு. ஒன்றும் சேரவில்லை. கையில் ஒரு ஜோடிகூட இல்லை. ஃபர்காவிடமோ ஒன்பது ஜோடி. நடுவில் இருக்கும் சீட்டுகளில் பெரியதற்கே ஜோடி. மணிமேக்கர் தம்மிடம் உள்ள சில்லுகள் அனைத்தையும் பந்தயமாக அறிவித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.

ஃபர்கா அவரையே பார்த்தார். ஒரே ஜாதிக்காகக் காத்திருந்து கிடைக்காமல் போய்விட்டதோ என்று வாய்விட்டே சொன்னார். அட்சரம் பிசகாமல் அதுதான் உண்மை! ஈடுகட்டியிருந்தால் போட்டியின் கடிவாளம் அவர் கைக்கு வந்திருக்கும். மணிமேக்கரின் முகத்திலும் பதில் இல்லை, கையிலும் இல்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு ஃபர்கா தம் ஒன்பது ஜோடியைக் கவிழ்த்தார்.

அதற்குப் பிறகு ஆட்டம் நெடுநேரம் நீடிக்கவில்லை. மணிமேக்கர் 25 லட்சம் டாலரும் கைச்சங்கிலியும் பெற்றார். அடுத்த வருஷம் அதே போட்டிக்கு 2,576 பேர் வந்து வரிசையில் நின்றார்கள்.